மூன்று வைத்தியரும் ஒரு நோயாளியும்

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். முழங்கால் வலி, பசியின்மை, தூக்கமின்மை ஆகிய மூன்றும் அவரை வாட்டி வந்தன. அவருக்கு மூன்று பிள்ளைகள். மூவருக்கும் தகப்பனாரிடம் பக்தி உண்டு. வைத்திய விஷயத்தில் மட்டும் ஒருவருக்கொருவர் ஒத்துப் போகாது. மூத்தவர் இங்கிலீஷ் வைத்தியத்தில் அசையாத நம்பிக்கை உள்ளவர். இரண்டாமவர் சித்த வைத்தியத்தின் பெருமையைப் பேசத் தொடங்கினால் கேட்பவருக்குச் சாப்பாட்டு வேளை தப்பிவிடும். கடைசிப் பிள்ளையோ ஹோமியோபதி உருண்டைகளைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிபவர். தகப்பனார் பாரபட்சம் அறியாதவர். மூன்று மருந்தையும் வேளை தவறாமல் உட்கொண்டார். ஒரு மாதம் கழிந்தது. முழங்கால் வலி இருந்தபடியே இருக்க, வயிற்று வலி என்னும் நான்காவது உபாதையும் வந்து சேர்ந்தது.

அச்சமயம் ஊருக்கு வந்திருந்த வயோதிக வைத்தியர் ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். அலமாரியில் வரிசையாக நின்ற புட்டிகளைப் பார்த்துவிட்டு, "ஐயா, இவற்றில் எந்த மருந்து எந்த உபாதைக்கு?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? பிள்ளைகள் ஆசையாக வாங்கிக் கொடுக்கிறார்கள், நான் சாப்பிடுகிறேன்" என்றார் பெரியவர்.

இந்தக் கதை நினைவுக்கு வந்ததற்குக் காரணம், நமது தொழிற்சாலைகளும் காரியாலயங்களும் இன்று ஏறக்குறைய அந்தப் பெரியவரின் நிலையில் இருப்பதுதான். ஒரு வருஷம் ஜப்பானிலிருந்து "லீன்" என்னும் முறை வருகிறது. வீண் செலவையும் வீண் காத்திருத்தலையும் ஒழிக்க வேண்டும் என்று அது உபதேசிக்கிறது. மறு வருஷம் அமெரிக்காவிலிருந்து "சிக்ஸ் சிக்மா" வருகிறது. எதையும் அளந்து, எண்ணி, கணித நூலின்படி குறைகளை நீக்க வேண்டும் என்கிறது. மூன்றாம் வருஷம், எந்த இடத்தில் வேலை தடைப்பட்டுத் தேங்குகிறதோ அந்த இடத்தை மட்டும் கவனித்தால் போதும் என்று ஒரு சித்தாந்தம் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வகுப்பு, ஒரு சான்றிதழ், சுவரில் ஒரு பலகை. தொழிலாளி மூன்று வகுப்பிலும் உட்கார்ந்து தேநீர் அருந்திவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்புகிறார். வேலை எப்போதும்போல் நடக்கிறது.

"ஒரே முறையைப் பிடித்துக்கொண்டால் என்ன? எதற்காகப் பலவற்றைக் கலக்க வேண்டும்?" என்று நேயர்கள் கேட்கலாம். கலந்துதான் ஆக வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் கலப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதைக் கற்றுக்கொள்ள டோக்கியோவுக்குக் கப்பல் ஏற வேண்டியதில்லை. நெய்வேலிக்குப் போனால் போதும்.

நீரும் பாறையும்

பழைய தென்னார்க்காடு ஜில்லாவில், இன்றைய கடலூர் மாவட்டத்தில், நெய்வேலி ஒரு சாதாரணக் கிராமமாக இருந்தது. 1935-ஆம் ஆண்டை ஒட்டி ஸ்ரீ ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு இறக்கியபோது, தண்ணீருடன் கரிய துகள்கள் வருவதைக் கண்டார். மற்றொருவராயிருந்தால் கிணறு கெட்டது என்று தூர்த்திருப்பார். முதலியாரோ சர்க்காருக்குத் தெரிவித்தார். 1943 முதல் 1946 வரை இந்திய மண்ணியல் ஆய்வு இலாகாவினர் துளையிட்டு ஆராய்ந்தனர். கீழே பழுப்பு நிலக்கரி இருப்பது உறுதியாயிற்று. 1956 நவம்பரில் நெய்வேலி நிலக்கரிக் கழகம் பதிவாயிற்று. 1957 மே 20-ஆம் தேதி பண்டித நேரு சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் கரி கண்ணுக்குத் தெரிந்தது.

இடையே நான்கு வருஷங்களுக்கு மேல் ஆனது ஏன்? கரி இருந்தது மேற்பரப்பில் அல்ல. அதன்மேல் சுமார் 50 முதல் 100 மீட்டர் வரை களிமண்ணும் கடலூர் மணற்பாறையும் மூடியிருந்தன. ஒரு டன் கரியை எடுக்கச் சுமார் 5.5 கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டும். கரிக்கு அடியிலோ ஊற்றுநீர், பெரும் அழுத்தத்துடன் மேல்நோக்கி நெம்பிக்கொண்டிருந்தது. மேல்மண்ணின் பாரம் இருக்கும் வரையில் அந்த நீர் அடங்கியிருக்கும். பாரத்தை நீக்கினால், கொதிக்கும் சோற்றுப் பானையின் மூடியைப் போலச் சுரங்கத்தின் அடித்தளமே தூக்கிக்கொண்டு வெடித்துவிடும்.

யோசனை சொல்ல பிரிட்டனிலிருந்து பவல் டஃப்ரின் கம்பெனியின் நிபுணர்கள் வந்தார்கள். ஜெர்மனியிலிருந்து வாளிச் சக்கர யந்திரங்கள் வந்தன. பெரியதொரு சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிலும் வாளிகள். சக்கரம் சுழல, வாளிகளின் பற்கள் மண்ணைச் சீவி எடுக்கும். கன்வேயர் பெல்ட் அதைத் தூக்கிக்கொண்டு ஓடும். மறுகோடியில் "ஸ்பிரெட்டர்" என்னும் யந்திரம் அதைப் பரப்பிக் கொட்டும். ஜெர்மனியின் மெத்தென்ற மண்ணில் இந்த யந்திரம் வெண்ணெயில் கத்தியைப் போல் வேலை செய்யும். கடலூர் மணற்பாறையில் அதன் பற்கள் தேய்ந்து உதிர்ந்தன.

இங்கேதான் நாம் பார்க்க வேண்டிய விஷயம் இருக்கிறது. "ஜெர்மன் முறை தோற்றது, வேறு முறைக்கு மாறுவோம்" என்று நெய்வேலியில் முடிவு செய்யவில்லை. "யந்திரம் உயர்ந்தது, பாறைதான் சரியில்லை" என்று வாதாடிக்கொண்டும் இருக்கவில்லை. பாறையில் துளையிட்டு, முதலில் வெடி வைத்துத் தளர்த்தினார்கள். தளர்ந்த பாறையைச் சக்கரத்திடம் விட்டார்கள். பற்களைப் பாறைக்குத் தக்கபடி மாற்றினார்கள். வெடி வைப்பது விட்டு விட்டுச் செய்யும் பழைய முறை. சக்கரம் இடைவிடாது வெட்டும் புதிய முறை. இயல்பில் ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டும் ஒரே சரிவில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அடிநீருக்கோ, சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்குழாய்களை இறக்கி, இரவு பகல் பாராமல் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தார்கள். பாதிக்குப் பாதி ஈரமுள்ள கரியை நெடுந்தூரம் அனுப்புவது நஷ்டமாகையால், சுரங்கத்தின் வாசலிலேயே ருஷ்ய உதவியுடன் அனல்மின் நிலையம் எழுந்தது. 1962 மே மாதம் அதன் முதல் யந்திரம் ஓடத் தொடங்கி, பிறகு 600 மெகாவாட் நிலையமாக வளர்ந்து, 2020-இல் ஓய்வு பெற்றது.

நீருக்குப் பம்பு, பாறைக்கு வெடி, தளர்ந்த மண்ணுக்குச் சக்கரம், தூரத்துக்குப் பெல்ட். எந்த உபாதைக்கு எந்த மருந்து என்பது இங்கே தெளிவாக இருந்தது.

ஒரு சிறு கணக்கு

இனிச் சற்றுக் கணக்குப் பார்ப்போம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் கூட உட்கார்ந்து போடக் கூடிய கணக்குத்தான்.

சக்கரம், மூன்று பெல்ட்டுகள், கடைசியில் ஸ்பிரெட்டர்: ஐந்து கண்ணிகள் கொண்ட சங்கிலி என்று வைத்துக்கொள்வோம். நடுவில் மண்ணைத் தேக்கி வைக்க இடம் இல்லை. ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும். ஒவ்வொரு கண்ணியும் நூறு மணி நேரத்தில் தொண்ணூறு மணி நேரம் பழுதில்லாமல் ஓடுகிறது. ஒவ்வொரு பகுதி அதிகாரியும் "நூற்றுக்குத் தொண்ணூறு!" என்று மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் பழுதுகள் தனித்தனியே வெவ்வேறு நேரங்களில் வருமானால், சங்கிலி முழுதும் ஓடுவது எத்தனை மணி? தொண்ணூறு சதவிகிதத்தை ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 59. ஐவர் முதல் வகுப்பில் தேறியும் குடும்பம் முதல் வகுப்பை எட்டவில்லை!

இன்னொரு கணக்கு. நான்கு கண்ணிகள் 95 மணி ஓடுகின்றன. ஒன்று மட்டும் 70 மணிதான் ஓடுகிறது. மொத்தம் 57. நல்ல கண்ணிகள் நான்கையும் பெரும் பணம் செலவிட்டு ஒரு குறையும் இல்லாமல் நூறாக்கினால் மொத்தம் 70-க்கு வரும். அவற்றைத் தொடாமல், நோஞ்சான் கண்ணியை மட்டும் 90-க்கு உயர்த்தினால் மொத்தம் 73. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எங்கே தடைப்படுகிறது?" என்பது. இதைத்தான் எலியாஹு கோல்ட்ராட் என்னும் இஸ்ரேல் நாட்டு அறிஞர் 1984-இல் ஒரு நாவலாகவே எழுதி உலகுக்குச் சொன்னார்.

இடம் தெரிந்தபின், "ஏன்?" என்னும் கேள்வி எழுகிறது. இதற்கு வேறு சாஸ்திரம் வேண்டும். 1924-இல் அமெரிக்காவில் வால்டர் ஷூஹார்ட் ஒரு வரைபடம் தயாரித்தார். அன்றாடம் நேரும் சிறு ஏற்றத்தாழ்வு எது, காரணம் தேட வேண்டிய விசேஷக் கோளாறு எது என்று பிரித்துக் காட்டுவது அது. பால்காரர் ஐந்து நிமிஷம் முன்னே பின்னே வருவதற்கு விசாரணை வைக்கக் கூடாது. ஒரு மணி நேரம் தாமதித்தால் விசாரிக்காமல் இருக்கவும் கூடாது. நம்மில் பலர் இதை மாற்றிச் செய்கிறோம். 1986-இல் மோட்டரோலா கம்பெனியில் பிறந்த சிக்ஸ் சிக்மா, இந்த வரைபடத்தின் பேரப்பிள்ளை.

காரணம் தெரிந்தபின், வீண் காத்திருத்தலையும் வீண் நடையையும் நீக்க டொயோட்டாவின் டாயிச்சி ஓனோ வகுத்த முறை உதவும். நீக்கிய களை மறுபடி முளைக்காமல் காப்பதற்கோ, அந்த இடத்திலேயே வேலை செய்கிறவர்கள் கூடிப் பேசும் தரவட்டங்கள் வேண்டும். 1962-இல் ஜப்பானில் தோன்றிய அவ்வழக்கம், 1980-இல் ஹைதராபாத் பாரத மிகுமின் தொழிற்சாலை வழியாக நம் தேசத்துக்கும் வந்தது.

எங்கே, ஏன், எப்படி, யார் என்பன நான்கு கேள்விகள். நான்கு முறைகளும் அவற்றுக்கு விடைகள். கேள்வி வேறாயிருக்கும்போது விடைகளுக்குள் சண்டை எதற்கு?

சண்டை வரும் இடம்

ஆயினும் சில இடங்களில் உண்மையாகவே சண்டை வரும். அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

நெய்வேலியையே எடுத்துக்கொள்வோம். சுரங்கத்துக்கும் கொதிகலனுக்கும் இடையே எவ்வளவு கரியைக் கையிருப்பில் வைப்பது? "கையிருப்பு என்பதே வீண், தேவைக்கு மட்டும் கொண்டு வா" என்பது டொயோட்டாவின் உபதேசம். "தடைப்படக் கூடாத இடத்துக்கு முன்னால் கையிருப்பு அவசியம்" என்பது கோல்ட்ராட்டின் உபதேசம். ஐப்பசி அடைமழையில் களிமண் பெல்ட்டில் ஒட்டிக்கொண்டு சங்கிலி நின்றுவிட்டால், கையிருப்பு இல்லாத கொதிகலன் அணைய வேண்டியதுதான். அதற்கு அஞ்சி மலைபோல் குவித்து வைத்தாலோ, பழுப்பு நிலக்கரி காற்றுப் பட்டுத் தானாகவே சூடேறித் தீப்பற்றிக்கொள்ளும். இரண்டு உபதேசத்திலும் உண்மை இருக்கிறது; இரண்டிலும் ஆபத்தும் இருக்கிறது. எந்த ஆசிரியர் பெரியவர் என்று பட்டிமன்றம் வைத்து இதைத் தீர்க்க முடியாது. சென்ற பல வருஷங்களில் மழைக்காலத்தில் எத்தனை நாள் வேலை நின்றது, கரி எத்தனை நாளில் சூடேறியது என்னும் கணக்கேட்டைப் புரட்டித்தான் தீர்க்க வேண்டும். இரண்டு முறைகள் முரண்படும்போது மத்தியஸ்தம் செய்ய வேண்டியது அந்த ஊரின் கணக்கேடு.

இரண்டாவது சண்டை, பகுதிகளுக்குள் வருவது. வெடி வைக்கும் பகுதிக்குச் செலவைக் குறைத்தால் பரிசு என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் வெடிமருந்தைச் சிக்கனம் செய்வார்கள். பாறை பெரிய பெரிய துண்டுகளாக நிற்கும். சக்கரத்தின் பல் உடையும்; பெல்ட் கிழியும். வெடிப் பகுதியின் கணக்கில் லாபம். கழகத்தின் கணக்கில் நஷ்டம். மாமியார் எண்ணெயை மிச்சம் பிடிக்க, மருமகள் கருகிய வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்த கதைதான்! ஆகவே முறைகளைக் கலக்கும்முன் அளவுகோலைக் கலக்க வேண்டும். பலருக்கும் பொதுவான ஓர் அளவு இல்லாத இடத்தில் எத்தனை முறை வந்தாலும், அவை பகுதிகளின் பொறாமைக்கே உரமாகும்.

விதை இங்கே விழுந்தது

இவையெல்லாம் அந்நிய நாட்டுச் சரக்கு, நமக்கு ஒவ்வாதவை என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஸ்ரீ மகலனோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். அவருடைய அழைப்பை ஏற்று, மேற்சொன்ன ஷூஹார்ட் 1947-48-இல், நமது சுதந்திரத்தின் முதல் குளிர்காலத்தில், இந்தியாவுக்கு வந்தார். ஷூஹார்ட்டின் வழியைப் பின்பற்றிய டெமிங் ஜப்பானில் புகழ்பெற்ற சொற்பொழிவுகளை நிகழ்த்தியது 1950-இல். அதாவது, விதை நம் மண்ணில் முதலில் விழுந்தது. விளைச்சலை அவர்கள் கண்டார்கள். டெமிங்கின் பெயரால் ஜப்பானியர் ஏற்படுத்திய பரிசை, சென்னைப் பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் கம்பெனியின் பிரேக் பகுதி 1998-இல் பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் தொழிற்சாலை அதுவே. நமக்குக் கை வராத வித்தை இது என்று இனி எவரும் சொல்ல முடியாது. நடுவில் கழிந்த ஐம்பது வருஷங்களுக்கு மட்டும் நாம் பதில் சொல்ல வேண்டும்.

கணக்கில் வராதவர்கள்

கடைசியாக, மனம் கனக்கும் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க இயலாது.

2020-ஆம் வருஷம் மே 7-ஆம் தேதியும் ஜூலை 1-ஆம் தேதியும் நெய்வேலியின் இரண்டாவது அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துக்கள் நேர்ந்தன. இரண்டு மாதத்துக்குள் இரண்டு விபத்து. தொழிலாளர் பலர் உயிர் இழந்தனர். அவற்றின் காரணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது இங்கே என் வேலை அல்ல. டொயோட்டா தொழிற்சாலையில் வேலை செய்யும் எவரும், கோளாறு கண்ட மாத்திரத்தில் ஒரு கயிற்றை இழுத்து வேலையை நிறுத்த உதவி கோரலாம் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். அந்த நாட்டு முறைகளைத் தருவிக்கும் நம்மவர்கள் பலகைகளையும் படிவங்களையும் தருவிக்கிறார்கள்; அந்தக் கயிற்றைத் தருவிக்கிறார்களா? "ஐயா, இது சரியில்லை, நிறுத்துங்கள்" என்று ஒப்பந்தக் கூலியாள் ஒருவர் பயமின்றிச் சொல்ல முடியாத இடத்தில், ஏனைய முறைகளெல்லாம் ஒப்பனையே.

மற்றது, 2023 ஜூலை மாதத்துச் செய்தி. சுரங்கம் விரிவடைய, பரவனாற்றை மாற்று வழியில் திருப்பக் கால்வாய் வெட்ட வேண்டியிருந்தது. வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிரின்மேல் மண்வெட்டும் யந்திரங்கள் ஏறின. நிலம் முன்பே சட்டப்படி எடுக்கப்பட்டது, பயிரிட வேண்டாமென்றும் சொல்லியாயிற்று என்றது நிர்வாகம். ஈடு போதவில்லை, வாக்களித்த வேலை வரவில்லை என்றார்கள் விவசாயிகள். அறுவடை வரையில் பொறுத்திருக்கலாகாதா என்று நாடே கேட்டது.

மேலே போட்ட கணக்கை இங்கே நினைத்துப் பாருங்கள். சக்கரமும் பெல்ட்டும் ஸ்பிரெட்டரும் சேர்ந்து ஐந்து கண்ணிகள் என்றோம். ஆறாவது கண்ணி ஒன்று தொடக்கத்திலிருந்தே இருந்தது. நிலத்தைக் கொடுத்த குடியானவர் அது. சுரங்கத்தினுள் எத்தனை முறைகளைக் கலந்து எத்தனை நிமிஷத்தை மிச்சம் பிடித்தாலும், அந்தக் கண்ணி அறுந்தால் சங்கிலி நிற்கும். நீரை இறைக்கும் பம்புக்குக் கணக்கேடு உண்டு; பக்கத்துக் கிராமத்துக் கிணற்றின் நீர்மட்டம் அதே ஏட்டில் அடுத்த பத்தியில் எழுதப்பட வேண்டும். தடைப்படும் இடத்தைத் தேடு என்ற சாஸ்திரத்தை வேலிக்கு வெளியேயும் நடத்திப் பார்த்திருந்தால், கால்வாய்க்கு நாள் குறிக்கும்முன் நெல்லுக்கும் நாள் கேட்டிருப்பார்கள்.

நம் பெரியவரின் கதை என்ன ஆயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். வயோதிக வைத்தியர் புட்டிகளையெல்லாம் ஒரு வாரம் ஒதுக்கி வைக்கச் சொன்னார். தினமும் என்ன வலி, எப்போது, எங்கே என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொன்னார். பிறகு ஒவ்வொரு மருந்தாக, ஒவ்வோர் உபாதைக்காக, திரும்பக் கொடுத்தார். மூன்று வைத்தியத்தையும் கலந்துதான் கொடுத்தார். மூன்று பிள்ளைகளுக்கும் மனக்குறை இல்லை. பெரியவர் இரண்டு மாதத்தில் கோயிலுக்கு நடந்து போய் வந்தார்.

அடுத்த முறை உங்கள் காரியாலயச் சுவரில் புதிய பலகை ஒன்றை மாட்ட வருகிறவரிடம், வயோதிக வைத்தியரின் கேள்வியையே நீங்களும் மரியாதையாகக் கேளுங்கள்: "ஐயா, இது எந்த உபாதைக்கு?"